நாணயம் சுண்டித் தொடங்கிய தொலைக்காட்சி

சென்ற மாதம் ஓரிரவு ரொறன்ரோவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் முன்னொரு காலத்தில் கொழும்பில் என்னோடு ஒரே ஆசிரிய பீடத்தில் பயிற்சி நிருபராக இருந்தவர். நாட்டை விட்டுப் போய் இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இப்போது நண்பர்கள் சிலரோடு சேர்ந்து தமிழ் நிகழ்ச்சிகளைத் தயாரிப்பதற்கென ஒரு கலையகம் அமைக்கிறாராம்.

"அண்ணை, மூண்டு கமரா வேண்ட வேணும். ரெண்டு கொம்பனி விலை தந்திருக்கு. ஆளுக்கொரு கதை சொல்லீனம். எது நல்லதெண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பேனா பிடித்துப் பிழைத்தவன். கலைப்பட்டதாரி. கமராவுக்கு முன்னால் சில தடவைகள் உட்கார்ந்திருக்கிறேனே தவிர, அதன் பின்னால் நின்று அறியாதவன். ஆனாலும் அவருடைய கேள்வி என் மனதில் ஒரு பழைய கதையையும் ஒரு பழைய காயத்தையும் கிளறிவிட்டது. கதை லண்டன் மாநகரத்தது. காயம் என்னுடையது. அன்றிரவு அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தொலைக்காட்சிக் கலையகம் ஒன்றுக்கு எந்தக் கமரா அமைப்பைத் தெரிவு செய்வது என்ற கேள்வி, தொலைக்காட்சி பிறந்த அன்றே பிறந்துவிட்டது. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான பிபிசி அதற்கு விடை காண மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று மாதங்களும் உலகத் தொலைக்காட்சி வரலாற்றில் மிகவும் சுவாரசியமானவை.

ஒரே கட்டடத்தில் இரு கலையகங்கள்

1934 ஆம் ஆண்டு பிரித்தானிய அரசாங்கம் செல்ஸ்டன் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. நாட்டில் தொலைக்காட்சிச் சேவை ஒன்றை ஆரம்பிக்கலாமா, ஆரம்பிப்பதாயின் எந்த முறையில் என்பதே குழுவின் முன் இருந்த வினா. 1935 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. லண்டனில் சேவையை ஆரம்பிக்கலாம், பிபிசியே அதை நடத்தட்டும் என்றது குழு. ஆனால் எந்த முறை என்ற வினாவுக்கு அது விடை சொல்லவில்லை. போட்டியில் இருந்த இரு நிறுவனங்களுக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, ஒன்றையடுத்து ஒன்றாக ஒளிபரப்பிப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. ஒரு படத்தில் குறைந்தது 240 வரிகளாவது இருக்க வேண்டும், செக்கனுக்கு 25 படங்கள் போக வேண்டும் என்ற நிபந்தனையையும் விதித்தது.

போட்டியாளர்களில் ஒருவர் ஜோன் லோகி பெயார்ட். ஸ்கொட்லாந்துக்காரர். 1926 ஜனவரி 26 ஆம் திகதி லண்டன் சோஹோ பகுதியில் ஃபிரித் வீதியில் இருந்த தமது மாடியறையில் அறிஞர்கள் முன்னிலையில் தொலைக்காட்சியைச் செய்து காட்டியவர். தொலைக்காட்சி என்றதும் பிரித்தானிய மக்களின் வாயில் முதலில் வரும் பெயர் அவருடையதாகவே இருந்தது.

மற்றைய போட்டியாளர் மார்க்கோனி - ஈ.எம்.ஐ. கூட்டு நிறுவனம். அதன் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஐசாக் ஷொன்பேர்க். இன்றைய பெலாரஸ் நாட்டிலுள்ள பின்ஸ்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து 1914 இல் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். அவரது பெயர் பொதுமக்களில் எவருக்கும் தெரியாது. அலன் புளும்லைன், ஜே.டி. மக்கீ போன்ற இளம் பொறியியலாளர்களும் விஞ்ஞானிகளும் அவரிடம் பணிபுரிந்தார்கள்.

வட லண்டனில் குன்றின் மேல் நிற்கும் அலெக்ஸாண்ட்ரா மாளிகையின் ஒரு பகுதியை பிபிசி எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய எழுபது அடி நீளமும் முப்பது அடி அகலமும் கொண்ட இரு கலையகங்கள் அமைக்கப்பட்டன. ஒன்று மார்க்கோனி - ஈ.எம்.ஐ. நிறுவனத்துக்கு, மற்றையது பெயார்டுக்கு.

ஒரு நிமிடம் பின்தங்கிய முகம்

பெயார்டின் முறை ஒன்றல்ல, பலவற்றின் கூட்டு. அதன் விசித்திரத்தைச் சற்று விளக்க வேண்டும்.

அறிவிப்பாளர் ஒருவரை மாத்திரம் காட்டுவதற்கு ஒரு சிறிய இருட்டறை இருந்தது. அவர் இருளில் உட்கார்ந்திருப்பார். ஒளிப்புள்ளியொன்று அவர் முகத்தின் மீது வரி வரியாக ஓடும். முகத்திலிருந்து தெறித்து வரும் ஒளியை ஒளிமின்கலங்கள் வாங்கி மின்சாரமாக மாற்றும். இங்கே கமரா பார்ப்பதில்லை, ஒளிதான் தடவிப் பார்க்கிறது. ஒருவர் அல்லது இருவர் அமர்ந்து பேசுவதற்கு மேல் அந்த அறையில் எதுவும் செய்ய இயலாது.

பெரிய கலையகத்தில் நடப்பதைக் காட்ட வேறொரு வழி. சினிமாப் படச்சுருள் கமரா ஒன்று காட்சியைப் படம் பிடிக்கும். சிக்கனம் கருதி 35 மில்லிமீற்றர் சுருளை நடுவே பிளந்து 17.5 மில்லிமீற்றராக்கிப் பயன்படுத்தினார்கள். சுருள் கமராவிலிருந்து வெளியேறி நேரே கழுவும் தொட்டிகளுக்குள் இறங்கும். சயனைட் கலந்த இரசாயனக் கரைசல் உட்படப் பலவற்றைக் கடந்து, ஈரம் காயுமுன்னரே வருடும் பொறிக்குள் நுழைந்து அலையாகப் போகும். இவ்வளவும் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடியும்.

இதைச் சிந்தித்து உருவாக்கியவர்களின் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். கமராவோடு தொட்டிகளும் நீர்க்குழாய்களும் பிணைந்திருந்தபடியால் அது கண்ணாடி அறையொன்றுக்குள் அசையாமல் நின்றது. நடிகர் கமராவிடம் வரலாம். கமரா நடிகரிடம் போகாது. ஒலியும் அதே சுருளிலேயே பதிவானதால் நீர்க்குமிழிகள் அதைக் குழப்பின. சுருள் அறுந்தால் நிகழ்ச்சி அறுந்தது. எல்லாம் சரியாக நடந்தாலும், வீட்டிலிருப்பவர் காணும் முகம் ஒரு நிமிடத்துக்கு முந்திய முகம்.

அமெரிக்கரான பிலோ பார்ன்ஸ்வேர்த் கண்டுபிடித்த இலத்திரன் கமராவையும் பெயார்ட் நிறுவனம் வரவழைத்தது. அது நகரக்கூடியது. ஆனால் ஒளியைச் சேமிக்கும் ஆற்றல் அதற்கில்லை. ஒரு கணத்தில் எந்தப் புள்ளி வருடப்படுகிறதோ அப்புள்ளியின் ஒளி மாத்திரமே பயன்பட்டது; மிகுதியெல்லாம் வீண். ஆகவே அளவுக்கு மிஞ்சிய வெளிச்சம் தேவைப்பட்டது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே எடுக்கப்பட்ட சினிமாப் படங்களை ஒளிபரப்புவதில் பெயார்டின் பொறி நன்றாகவே வேலை செய்தது. பெயார்ட் தோற்றது உயிருள்ள மனிதர்களைக் காட்டுவதிலேதான்.

ஷொன்பேர்க்கின் துணிவு

ஈ.எம்.ஐ. குழு உருவாக்கிய கமராவின் பெயர் எமிட்ரோன். அதன் உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய். குழாயினுள் அப்பிரகத் தகடு. தகட்டின் மேல் ஒளியுணரும் மிக நுண்ணிய வெள்ளித் துணிக்கைகள் எண்ணிக்கையற்றுப் பதிந்திருக்கும். வில்லையினூடாக விழும் காட்சி ஒவ்வொரு துணிக்கையிலும் மின்னேற்றமாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். இலத்திரன் கற்றை வரி வரியாக ஓடி, சேர்ந்ததை வாங்கிக்கொண்டு போகும். இந்தச் சேமிப்புத்தான் சூட்சுமம். பார்ன்ஸ்வேர்த்தின் கமரா அன்றாடக் கூலி என்றால், எமிட்ரோன் உண்டியல். அமெரிக்காவில் ஸ்வோரிகின் உருவாக்கிய ஐக்கொனோஸ்கோப் குழாயும் இதே தத்துவத்தைக் கொண்டதே.

குழுவின் நிபந்தனை 240 வரிகள். ஈ.எம்.ஐ. ஆய்வுகூடத்தில் 243 வரிகள் வேலை செய்துகொண்டிருந்தன. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் 1935 இன் தொடக்கத்தில் ஷொன்பேர்க் 405 வரிகள் என்று தீர்மானித்தார். அதுவரை அவரது ஆய்வுகூடத்திலேயே செய்து பார்க்கப்படாத அளவு அது. தவறியிருந்தால் நிறுவனம் போட்டியிலிருந்தே வெளியேறியிருக்கும்.

405 என்ற எண்ணை அவர்கள் குருட்டாம்போக்கில் எடுக்கவில்லை. ஒரு படத்தை ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாகப் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி அனுப்பினால் கண்ணுக்குத் துடிப்புத் தெரியாது. இதற்கு மொத்த வரிகள் ஒற்றை எண்ணாக இருக்க வேண்டும். அத்துடன் அக்காலத்து மின்சுற்றுகள் சிறிய எண்களாலேயே நம்பகமாக வகுக்கக் கூடியவை. நான்கு மூன்றுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கினால் 405. பின்னாளில் ஐரோப்பா ஏற்ற 625 என்பது நான்கு ஐந்துகளின் பெருக்கம். அமெரிக்காவின் 525 என்பது மூன்று, ஐந்து, ஐந்து, ஏழு. செக்கனுக்கு 50 அரைப்படங்கள் என்பதும் பிரித்தானிய மின்சாரத்தின் அலைவெண்ணான 50 ஐ ஒட்டியதே. அமெரிக்க மின்சாரம் 60 என்பதால் அங்கே 60. அன்று மின்நிலையங்கள் போட்ட கோடு இன்று வரைக்கும் கமராக்களைப் பிரித்து வைத்திருக்கிறது. இதற்குப் பின்னர் வருகிறேன்.

எமிட்ரோனுக்கும் குறைகள் உண்டு. பிரகாசமான வெளிச்சம் அதற்கும் தேவைப்பட்டது. குழாயினுள் சிதறும் இலத்திரன்கள் படத்தின் மீது போலியான நிழல்களைப் பரப்பின. கட்டுப்பாட்டு மேசையில் ஒருவர் இடைவிடாது குமிழ்களைத் திருகி அந்த நிழல்களைச் சமன் செய்துகொண்டே இருக்க வேண்டும். ஆனால் அது ஒரு கேபிளின் நுனியில் எங்கும் போகக்கூடிய கமரா. எல்லாவற்றுக்கும் மேலாக, அது காட்டியது அந்தக் கணத்தை.

நாணயமும் மூன்று மாதங்களும்

1936 நவம்பர் 2 ஆம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு பிபிசி தொலைக்காட்சி சம்பிரதாயபூர்வமாக ஆரம்பிக்கப்பட்டது. யார் முதலில் ஒளிபரப்புவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். பெயார்ட் வென்றார். பிபிசியின் தலைவரும் தபால் மா அதிபரும் செல்ஸ்டன் பிரபுவும் பெயார்ட் கலையகத்தில் உரை நிகழ்த்தினார்கள். பின்னர் அதே நிகழ்ச்சி மார்க்கோனி - ஈ.எம்.ஐ. கலையகத்தில் மீண்டும் நடந்தது. அதன் பின் ஒரு வாரம் இவர், மறு வாரம் அவர்.

ஒவ்வொரு வாரமும் முறையை மாற்றி மாற்றி வேலை செய்வது தயாரிப்பாளர்களுக்குப் பெரும் சோதனையாக இருந்தது. ஒரு வாரம் நடனமாடுபவரின் பின்னால் கமரா நகரும். மறு வாரம் அவரே கண்ணாடி அறைக்கு முன் வந்து நிற்க வேண்டும். பார்வையாளர் பக்கத்திலும் சிரமம் இருந்தது. பெட்டிகள் இரு முறைகளையும் வாங்கக் கூடியவையாக இருக்க வேண்டியிருந்தது. எந்த முறை நிலைக்கும் என்று தெரியாமல் பெரும் பணம் கொடுத்துப் பெட்டி வாங்கப் பலர் தயங்கினார்கள்.

நவம்பர் 30 ஆம் திகதி இரவு கிறிஸ்டல் மாளிகை எரிந்து சாம்பலானது. பெயார்ட் நிறுவனத்தின் ஆய்வுகூடங்கள் அங்கேதான் இருந்தன. நிறுவனத்தின் உபகரணங்களில் பெரும் பகுதி அழிந்தது. ஆனால் தீயினால்தான் பெயார்ட் தோற்றார் என்று சொல்வது சரியல்ல. அலெக்ஸாண்ட்ரா மாளிகையில் பணிபுரிந்தவர்களின் மனதில் தீர்ப்பு அதற்கு முன்னரே எழுதப்பட்டாகிவிட்டது.

ஆறு மாதங்களுக்கெனத் திட்டமிட்ட பரீட்சை மூன்று மாதங்களில் முடிந்தது. 1937 ஜனவரி 30 ஆம் திகதியோடு பெயார்ட் முறையிலான ஒளிபரப்பு நின்றது. பெப்ரவரியிலிருந்து 405 வரிகள் மாத்திரமே. அதே ஆண்டு மே 12 ஆம் திகதி ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தை ஹைட் பார்க் கோர்னரில் நிறுத்தப்பட்ட மூன்று எமிட்ரோன் கமராக்கள் நேரலையாகக் காட்டின. தொட்டிகளையும் நீர்க்குழாய்களையும் வீதியோரத்துக்குக் கொண்டுபோய் அதைச் செய்திருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். தெரிவு சரியானதே என்பதற்கு அன்றைய ஊர்வலமே சாட்சி.

வென்றவர்களும் தோற்றவரும்

1939 செப்டெம்பர் முதலாம் திகதி, யுத்தம் தொடங்கவிருந்த வேளையில், தொலைக்காட்சி நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சியில் தேர்ந்த பொறியியலாளர்கள் பலர் ராடர் ஆராய்ச்சிக்குப் போனார்கள். புளும்லைன் 1942 ஜூன் 7 ஆம் திகதி, ராடர் கருவியொன்றைப் பரீட்சித்த ஹலிபாக்ஸ் விமானம் வீழ்ந்ததில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 38. சரியாக நான்கு ஆண்டுகளின் பின், 1946 ஜூன் 7 ஆம் திகதி, அலெக்ஸாண்ட்ரா மாளிகையிலிருந்து அதே 405 வரிகளோடு தொலைக்காட்சி மீண்டும் தொடங்கியது. அதற்கு ஒரு வாரத்தின் பின், ஜூன் 14 ஆம் திகதி, பெயார்ட் காலமானார். தோல்வியின் பின்னரும் அவர் ஓயவில்லை. 1944 இல் வர்ணப் படத்தைக் காட்டும் குழாயொன்றைச் செய்து காட்டியிருந்தார்.

ஷொன்பேர்க்குக்கு 1962 இல் சேர் பட்டம் கிடைத்தது. மறு ஆண்டு அவரும் மறைந்தார். அவர் துணிந்து தெரிவு செய்த 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரி வரைக்கும் பிரித்தானியாவில் நடந்தது. ஒரு கலையகத்துக்கான தெரிவு ஏறக்குறைய அரை நூற்றாண்டு நாட்டை ஆண்டது.

வர்ணம் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. 1967 ஜூலை முதலாம் திகதி விம்பிள்டன் ரெனிஸ் போட்டியோடு பிபிசியின் இரண்டாவது அலைவரிசை வர்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. பிலிப்ஸ் நிறுவனத்தின் கமராவில் மூன்று குழாய்கள். சிவப்பு, பச்சை, நீலம். மார்க்கோனியும் ஈ.எம்.ஐ.யும் நான்கு குழாய்கள் வைத்தன. மேலதிகமான ஒன்று வெளிச்சத்தின் அளவை மாத்திரம் கவனிப்பதற்கு. வர்ணங்கள் சற்று விலகினாலும் படத்தின் கூர்மை கெடாது என்பது அவர்களின் வாதம். குழாய் கூடினால் பாரமும் கூடும், சரிசெய்யும் வேலையும் கூடும் என்பது மறு வாதம். ஈ.எம்.ஐ.யின் 2001 என்ற கமரா வில்லையையும் தன் உடலுக்குள்ளேயே கொண்டிருந்ததால் குறுகலான அரங்குகளில் இலகுவாகத் திரும்பியது. அதைக் கையாண்டவர்கள் அதை விட மனமின்றி 1990 களின் ஆரம்பம் வரை வைத்திருந்தார்கள். ஆனால் நாளடைவில் உலகம் மூன்றின் பக்கமே சாய்ந்தது. பின்னர் குழாய்கள் போய்ச் சில்லுகள் வந்தன.

எங்கள் நாட்டில்

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13 ஆம் திகதி சுயாதீனத் தொலைக்காட்சியோடு ஆரம்பித்தது. தனியார் முயற்சியாகத் தொடங்கிய அதை இரண்டு மாதங்களுக்குள் அரசாங்கம் பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி ஜப்பானிய அரசாங்கத்தின் நன்கொடையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. ஜப்பான் தன் நாட்டில் பயன்படுத்தியது 525 வரி அமெரிக்க முறையை. எங்களுக்குத் தந்ததோ ஐரோப்பாவில் வழங்கிய 625 வரி பால் முறையை. எங்கள் மின்சாரம் 50. நன்கொடை கொடுப்பவரும் வாங்குபவரின் சுவரிலுள்ள மின்சாரத்தை விசாரித்த பின்னரே கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

அப்போது நான் பாடசாலைச் சிறுவன். கண்டிக்கு அண்மையில் எங்கள் தெருவுக்கே ஒரு பெட்டிதான். பெட்டிக்கார வீட்டு விறாந்தையில் செருப்புகள் குவிந்து கிடக்கும். அந்தப் படங்கள் எந்தக் கமராவினூடாக வருகின்றன என்று யார் கேட்டார்கள்?

அதைக் கேட்க வேண்டிய நாள் எனக்கு 2003 இல் வந்தது. சமாதான உடன்படிக்கைக் காலம். பாதைகள் திறந்திருந்தன. கொழும்பில் ஒரு சிறிய தயாரிப்பு நிறுவனம் தமிழில் நேர்காணல் தொடர் ஒன்றைத் தொடங்கி, என்னைக் கேள்வி கேட்பவனாக அமர்த்தியது. கலையகத்தில் மூன்று கமராக்கள். இரண்டு ஒரே வகை. மூன்றாவது, மலிவாகக் கிடைத்ததென்று பின்னர் வாங்கிய வேறு வகை. தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்ல கமராக்கள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். 1990 இல் காணாமற்போன மகனைப் பற்றிப் பேசுவதற்காக. வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். மடியில் மகனின் பாடசாலைப் படம். விளக்குகளைப் போட்டதும் சிக்கல் தொடங்கியது. இரண்டு கமராக்களில் வெள்ளையாகத் தெரிந்த சேலை மூன்றாவதில் நீலம் பாய்ந்தது. சேலையைச் சரிசெய்தால் முகம் சாம்பல் நிறமானது. அந்தக் கமராவின் கட்டுப்பாட்டுப் பெட்டி வேறு. மற்றவற்றோடு அதை ஒத்திசைக்க வழி தெரிந்தவர் எவரும் அங்கில்லை. ஒன்றரை மணித்தியாலம் அந்தத் தாய் சூட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னர் மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டோடு தொடங்கலாம் என்றார்கள். தொடங்கிச் சில நிமிடங்களில் அவற்றில் ஒன்றின் கேபிள் இணைப்பு அறுந்தது. மாற்றுக் கேபிள் ஒன்று இருந்தது. அது மூன்றாவது கமராவுக்குரியது, இதற்குப் பொருந்தவில்லை. நெறியாளர் நாளைக்கு வரச் சொல்லுங்கள் என்றார்.

"மனே, எனக்கு ராவைக்கு பஸ். நாளைக்கு வர ஏலாது" என்றார் அந்தத் தாய்.

ஒற்றைக் கமராவோடாவது தொடர்ந்து எடுங்கள் என்று நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். செய்யவில்லை. தொழில்நுட்பக்காரர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டேன். வாசல்வரை கூடச் சென்று, முச்சக்கரவண்டி பிடித்துக் கொடுத்தேன். அவர் சொன்னவற்றில் என் குறிப்புப் புத்தகத்தில் விழுந்ததைப் பத்திரிகையில் அரைப் பத்தியாக எழுதினேன். ஆனால் அந்த முகத்தை, படத்தை இரண்டு கைகளாலும் பிடித்திருந்த விதத்தை ஒருவரும் காணவில்லை. அவர் மீண்டும் வரவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின் விசாரித்தபோது காலமாகிவிட்டார் என்றார்கள்.

அலெக்ஸாண்ட்ரா மாளிகையின் கதையை நான் முதன்முதலில் வாசித்தது அதன் பின்னர்தான். மனிதரைக் காக்க வைக்கும் கமரா எது, மனிதரிடம் போகும் கமரா எது என்பதே அங்கே நடந்த வழக்கு என்று எனக்குப் பட்டது. வேறு விதமாக அதை என்னால் வாசிக்க முடியவில்லை.

நண்பருக்குச் சொன்னது

ஆகவே நண்பருக்கு நான் எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. சில கேள்விகளைத்தான் கொடுத்தேன். கொழும்பில் கலையகம் நடத்தும் அனுபவசாலி ஒருவரிடம் சரிபார்த்த பின்னர் அவற்றை இங்கே தருகிறேன்.

முதலாவது, நீங்கள் வாங்குவது கமராவை அல்ல, ஓர் அமைப்பை. கமராத் தலை, வில்லை, கேபிள், கட்டுப்பாட்டுப் பெட்டி, முக்காலி, கமராக்காரரும் நெறியாளரும் பேசிக்கொள்ளும் இணைப்பு, எந்தக் கமரா ஒளிபரப்பில் இருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். விலைப்பட்டியலில் தலையின் விலை மாத்திரம் பெரிய எழுத்தில் இருக்கும். மிகுதியைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, மூன்றும் ஒரே வகையாக இருக்கட்டும். சிறந்த ஒன்றும் சுமாரான இரண்டும் வாங்குவதைவிட, நடுத்தரமான மூன்று மேல். பார்வையாளர் ஒரு படத்தின் தரத்தைக் கவனிப்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது முகத்தின் நிறம் மாறுவதையே முதலில் காண்பார். பரீட்சித்துப் பார்க்கும்போது விற்பவர் கொண்டுவரும் வர்ண அட்டையோடு நின்றுவிடாமல், எங்கள் ஆட்கள் மூவரை, வெவ்வேறு நிறமுள்ளவர்களாக, கமராக்களுக்கு முன் இருத்திப் பாருங்கள்.

மூன்றாவது, வில்லை. கமரா ஏழெட்டு வருடங்களில் பழையதாகிவிடும். நல்ல வில்லை அதைவிட நெடுங்காலம் உழைக்கும். ஒளிபரப்புக் கலையகங்களில் நெடுங்காலமாக வழங்கும் மூன்றில் இரண்டு அங்குல அளவுக்குரிய பொருத்து வளையம் நிறுவனங்களுக்குப் பொதுவானது. அதற்கு வாங்கும் வில்லை அடுத்த கமராவுக்கும் பயன்படும். பெரிய உணரி கொண்ட சினிமாக் கமராக்களின் படம் அழகுதான். ஆனால் பின்னணி மங்கும் அளவுக்குக் கூர்மையின் ஆழமும் குறையும். நேரலை உரையாடலில் பேசுபவர் சற்று முன்னே சாய்ந்தாலே முகம் மங்கிவிடும்.

நான்காவது, 50 ஆ 60 ஆ என்ற பழைய கேள்வி. கனடாவில் மின்சாரம் 60. உங்கள் பார்வையாளர்களில் ஒரு பகுதியினர் 50 வழங்கும் இலங்கையிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். இணையத்தில் பார்ப்பவருக்கு இது பெரிய பிரச்சினையல்ல. ஆனால் இங்குள்ள ஒளிபரப்பு நிலையங்களுக்கு நிகழ்ச்சிகளை விற்பதாயின் இன்றே யோசித்து, இரண்டிலும் வேலை செய்யும் கமராவையும் துடிக்காத விளக்குகளையும் தெரிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, பழுது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு கமரா நின்றுவிட்டால் யாரைக் கூப்பிடுவது? எத்தனை மணித்தியாலத்தில் வருவார்? மாற்றுக் கேபிள் அலுமாரியில் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் கொம்பனி, விலை சற்றுக் கூடினாலும் மலிவு.

கடைசியாக, பெயருக்கு மயங்காதீர்கள். 1936 இல் பெயார்டின் பெயரை அறியாதவர் இல்லை, ஷொன்பேர்க்கின் பெயரை அறிந்தவர் இல்லை. பிபிசி பெயரைப் பார்த்துத் தெரிவு செய்திருந்தால் கண்ணாடி அறைக்குள் நின்றிருக்கும். ஒரே கட்டடத்தில், ஒரே ஆட்களோடு, ஒரே வேலையை இரண்டிலும் செய்து பார்த்தது. அதை நீங்களும் செய்யலாம். இரண்டு கொம்பனிகளிடமும் ஒரு வார இறுதிக்கு இரவல் கேளுங்கள். ஒரே நேர்காணலை இரண்டிலும் எடுத்துப் பாருங்கள். தர மறுப்பவரை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட நண்பர், "அண்ணை, முதல் நிகழ்ச்சிக்கு ஆரை இருத்துவம்?" என்று கேட்டார்.

ரொறன்ரோவில் வயதான தாய்மார் பலர் இருக்கிறார்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாத கதைகள் அவர்களிடம் உண்டு. அவர்களில் ஒருவரைக் கூட்டி வாருங்கள், ஆனால் கமராக்கள் மூன்றும் ஒத்து வந்த பின்னர் கூட்டி வாருங்கள் என்றேன். அவருக்கு அன்றைக்கு இரவு பஸ் இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள் என்றேன்.

என்ன சொல்கிறேன் என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கப்படுத்தினேன்.